வரவேற்பு உண்டு, உறுதி இல்லை: நோர்வூட்டில் எல்லோருக்குமான இடங்கள்

தைப்பொங்கல் முடிந்த கையோடு கிளிநொச்சியில் இருந்து தோழி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிவனொளிபாதமலைப் பக்கம் வரப்போகிறாராம். போகும் வழியில் எங்கள் ஊரான நோர்வூட்டில் ஒரு நாள் நிற்க வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்கட ஊரில எங்களைப் போல ஆக்கள் யோசிக்காமப் போய் இருக்கக்கூடிய இடம் எது?" என்று கேட்டார்.

தோழியின் அம்மா பிறந்தது மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு, சிறுபிள்ளையாகத் தாய் தகப்பனோடு கிளிநொச்சிக்குப் போனவர். அதன் பிறகு அவர் கண்ட இடப்பெயர்வுகளை இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம் வரைக்கும் போய் வந்தவர். ஏறத்தாழ 50 ஆண்டுகளில் ஒரு தடவைகூட மலைக்குத் திரும்பி வரவில்லை.

ஆகவே தோழி கேட்டது சுற்றுலாப் பட்டியலை இல்லை என்பது எனக்கு விளங்கியது. சத்தமாகத் தமிழில் பேசக்கூடிய இடம், யார் நீ எங்கிருந்து வருகிறாய் என்று எவரும் அடையாள அட்டை கேட்காத இடம், முழங்கால் வலியுள்ள ஒரு வயதான பெண் காசு செலவழிக்காமலேயே சற்று நேரம் உட்காரக்கூடிய இடம். அப்படி எவை இருக்கின்றன என்றுதான் கேட்டார். பிறந்து வளர்ந்த ஊர் என்றாலும் உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நோர்வூட் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். காசல்ரி நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருக்கும் பழைய துரை பங்களாக்கள்தான் முதலில் வரும். ஒரு காலத்தில் தொழிலாளி வாசற்படியில் நின்று தொப்பியைக் கழற்றிப் பேச வேண்டியிருந்த அதே பங்களாக்கள் இப்போது வெளிநாட்டு விருந்தினரைப் புன்னகையோடு வரவேற்கின்றன. அங்கே ஒரு இரவுக்கு அறவிடும் கட்டணம் கொழுந்து பறிக்கும் ஒருவரின் பல மாதச் சம்பளம். இந்த ஊரில் வரவேற்பு என்ற சொல் விளம்பரத்துக்கு வருவது அந்த அளவில்தான். அதை விட்டுவிட்டு நான் வேறொரு பட்டியல் எழுதினேன்.

முச்சந்தி

ஹட்டனில் இருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மஸ்கெலியாவுக்கு, மற்றையது பொகவந்தலாவைக்கு. சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து சாமான் வாங்க, மருந்து எடுக்க, அடகு வைக்க, மீட்க எல்லோரும் வந்து சேரும் இடம் இந்தச் சந்திதான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று தரப்பினரின் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழ் முதலாளிக்குச் சிங்களம் தெரியும், சிங்கள முதலாளிக்குத் தமிழ் தெரியும். பஸ் நடத்துநர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லித்தான் இறக்குகிறார்.

என் பட்டியலில் முதலாவது இடம் இங்குள்ள ஒரு தேத்தண்ணிக் கடைக்கு. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தாலும் எழும்பச் சொல்ல மாட்டார்கள். நான் சின்னவளாக இருந்தபோது எந்தத் தோட்டத்துப் பெண்ணும் இந்தக் கடைகளுக்குள் உட்கார்ந்ததைக் கண்டதில்லை. என் அம்மா சம்பள நாளில் வாசலோடு நின்று வடையைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் லீவில் வந்து, அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய் மேசையில் உட்கார ஆரம்பித்தார்கள். எவரும் போராட்டம் நடத்தவில்லை, அறிக்கை விடவில்லை. ஆனாலும் அது ஒரு மாற்றம். இப்போது அதே மேசைகளில் பெண்கள் இருந்து, ஜனவரியில் இருந்து 1,750 ரூபா என்று வரவு செலவுத் திட்டத்தில் சொன்ன நாட்சம்பளம் கைக்கு எவ்வளவாக வருகிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

இந்தச் சந்தியின் நல்லுறவுக்கு அடித்தளம் கடன் கொப்பி. 2018 டிசம்பரில் 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது எங்கள் லயத்துக்கு அரிசியும் மாவும் கடனாக வந்தது ஒரு முஸ்லிம் கடையில் இருந்து. சில மாதங்களில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்தது. முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பிரசாரம் நாடு முழுவதும் பரவியபோது எங்கள் லயத்திலும் சிலர் அதைக் கேட்டார்கள். "பசியில நிக்கிறப்ப சோறு போட்ட கடை" என்று சொல்லிவிட்டு அம்மா வழக்கம்போலப் போய் வந்தார். ஒற்றுமை என்று மேடையில் பேசுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அன்று எனக்கு விளங்கியது. அதே நேரம், நாற்பது ஆண்டுகள் ஒரே கொப்பியில் கணக்கு வைத்திருந்த உறவுகள்கூட ஒரு வாரப் பிரசாரத்தில் ஆட்டம் காணும் என்பதையும் கண்டேன்.

குறையும் சொல்ல வேண்டும். பெண்கள் நம்பிப் போகக்கூடிய சுத்தமான மலசலகூடம் இல்லாத சந்தி எந்தப் பெண்ணையும் முழுதாக வரவேற்பதாகச் சொல்ல முடியாது. சக்கர நாற்காலியில் ஒருவர் இங்கே வந்து இறங்குவதை நான் இதுவரை கண்டதில்லை. கடைசி பஸ் போன பிறகு சந்தி ஆண்களுடையதாக, அதிலும் குடித்த ஆண்களுடையதாக மாறிவிடுகிறது.

மைதானம்

நோர்வூட் என்ற பெயரை வெளியூர்க்காரர் பலர் அறிந்தது சௌமியமூர்த்தி தொண்டமான் விளையாட்டரங்கினால். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இங்கேதான் மலையக மக்கள் முன் உரையாற்றினார். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டத்துக்கு மேலதிகமாக 10,000 வீடுகள் என்று அறிவித்ததும் அன்றுதான். 2020 மே 31ஆம் திகதி அமைச்சர் ஆறுமுகன் தொண்டமானின் உடல் தகனம் செய்யப்பட்டதும் இதே மைதானத்தில்.

மோடி தனது உரையில் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை எடுத்துச் சொன்னார். எல்லா ஊரும் நமது ஊர், எல்லோரும் நமது உறவு என்ற பொருளுடைய பாடல். கூட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வீடு திரும்பும்போது உறைத்தது. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, 1964இல் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று தலை எண்ணப்பட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்த மக்களுக்கு முன்னால் அந்தப் பாடல் சொல்லப்பட்டது. எங்களைப் பொறுத்தவரை எந்த ஊர் நமது ஊர் என்பதைப் புலவர் தீர்மானிக்கவில்லை. கொழும்பிலும் டெல்லியிலும் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். அன்று அறிவித்த 10,000 வீடுகள் இன்னும் முழுமையாகக் கட்டி முடிக்கப்படவும் இல்லை.

இந்த மைதானம் ஆயிரக்கணக்கானோரைக் கொள்ளும். பெரும்பாலான நாட்களில் இங்கே இடம் கிடைப்பது கிரிக்கெட் விளையாடும் ஆண்பிள்ளைகளுக்கு. பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மட்டும் பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். இருந்தாலும் இதைப் பட்டியலில் சேர்த்தேன். தோட்டங்களில் ஒரு பிள்ளை தடையின்றி ஓடக்கூடிய சமதரை கிடைப்பது அவ்வளவு அரிது.

இதற்கு மலைச்சரிவு மட்டும் காரணம் இல்லை, சட்டமும் காரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், சபைக்கு உறுப்பினரை அனுப்பினார்கள். ஆனால் அந்த உறுப்பினரால் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வாளி கொங்கிரீட் போட முடியாத நிலை. 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்துக்குப் பிறகுதான் இது மாறியது. அதே ஆண்டில்தான் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டாக இருந்த மாபெரும் சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு நோர்வூட்டுக்கென்று ஒரு பிரதேச சபை வந்தது. 31 ஆண்டுகளாகப் பொது இடம் என்ற ஒன்றைப் பிரதேச சபை தோட்டங்களுக்குள் எங்களுக்கு அமைத்துத் தர முடியாதபடி சட்டமே இருந்தது என்பதை மற்றப் பகுதித் தமிழர்கள் பலர் அறிந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியும் கந்தோரும்

மோடி வந்த அன்று திறந்துவைத்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா ஆஸ்பத்திரி நோர்வூட் மக்களுக்கு மிக நெருக்கமான இடம். பிள்ளை பெறுவதற்கும், குளவி கொட்டினால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் அதுதான். கட்டடம் வரவேற்கிறது. ஆனால் அங்கோ வேறெந்த அரச நிறுவனத்திலோ ஒருவர் வரவேற்கப்பட்டதாக உணர்வது, மேசைக்கு மறுபக்கம் இருப்பவர் தன் மொழியில் பேசும்போதுதான்.

1999இல் வெளியான வர்த்தமானியின்படி நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் நிர்வாகம் நடக்க வேண்டியவை. நடைமுறையில் அது அன்று யார் கடமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு முறை அரச அலுவலகமொன்றில் என் அப்பாவிடம் சிங்களத்தில் நிரப்பிய படிவத்தை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வேலை சுணங்கும் என்று பயந்து வைத்துவிட்டு வந்தார். அந்தப் படிவத்தில் அவருடைய பெயரே பிழையாக எழுதப்பட்டிருந்தது. திருத்தி எடுக்க எட்டு மாதங்கள் ஆயின. அதே அலுவலகத்தில் வேறொரு நாள் சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் தன் சொந்தத் தொலைபேசியில் தமிழ் தெரிந்த நண்பரை அழைத்து எங்கள் விடயத்தை விளங்கிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் சட்டம் தர வேண்டியதை நல்ல மனிதர்களிடம் எதிர்பார்த்து எத்தனை நாள் போக முடியும்? இந்த வகை இடங்களை என் பட்டியலில் பென்சிலால்தான் எழுதினேன்.

லயமும் கோயிலும்

தோட்டத்துக்குள் எல்லோருக்குமான இடம் என்று எதைச் சொல்வது? தண்ணீர்ப் பீலி, கோயில், பிள்ளைக்காம்பரா, கொழுந்து மடுவம். லயத்தில் எந்த இஸ்தோப்புக்குப் போனாலும் முதலில் தேத்தண்ணி வரும். அதைப் பெருமையாகச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் யார் வீட்டுத் தேத்தண்ணியை யார் குடிப்பார்கள் என்ற கேள்வி எங்களுக்குள் இன்னும் முற்றாகச் சாகவில்லை. கங்காணிமார் ஆட்களைச் சாதி சாதியாகக் கூட்டிவந்து லயங்களில் குடியேற்றிய காலத்துக் கோடுகள் கல்யாணப் பேச்சிலும் கோயில் முதல் மரியாதையிலும் இன்றும் தெரிகின்றன. தப்பு இல்லாமல் எங்கள் திருவிழா இல்லை. தப்பு அடிப்பவரைத் திருவிழா முடிந்த பிறகு எங்கே உட்கார வைக்கிறோம் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். அரசிடம் சமத்துவம் கேட்கும் வாய் இதைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியிருந்தும் மாசி மாதம் காமன் ஊன்றும் இடத்தைப் பட்டியலில் சேர்த்தேன். காமன் கூத்து நடக்கும் நாட்களில் தோட்டமே ஒன்றாகக் கூடுகிறது. ரதியும் மன்மதனும் லயம் லயமாக வரும்போது எந்த வாசலும் பூட்டியிருப்பதில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இருந்தும் பார்க்க வருகிறார்கள். வயதுபோன வாத்தியார் ஒருவர், சிங்கள இளைஞன் ஒருவனுக்குக் கதையை அவனுடைய மொழியிலேயே சொல்லிக்கொடுப்பதை ஒரு இரவில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்தபோது இந்த இடங்களின் பெறுமதி மறுபடி தெரிந்தது. மலையகம் எங்கும் லயங்களை விட்டு வெளியேறியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும்தான் தங்கினார்கள். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வந்த கேள்வி பழையது. மண் சரியும் என்று தெரிந்த இடத்தில் இருந்து இவர்களை எங்கே குடியேற்றுவது, எந்தக் காணியில்? தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1992இல் இருந்து பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. அதில் நான்கு, ஐந்து தலைமுறையாகக் குடியிருப்பவருக்குக் காணி உறுதி கிடையாது. வீட்டுத் திட்டங்களுக்கு ஒதுக்கிய 7 பேர்ச் காணி இன்னமும் சிறு பகுதியினருக்குத்தான் கிடைத்திருக்கிறது. பல லயங்களுக்குத் தனி முகவரிகூட இல்லாததால் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து எப்போதாவது வீட்டுக்கு வரும். கோயிலும் பிள்ளைக்காம்பராவும் காமன் ஊன்றும் பொட்டலும் அதே காணியில்தான் நிற்கின்றன.

மலைக்குப் போகும் பாதை

டிசம்பர் போயா தினத்தில் இருந்து மே மாத வெசாக் வரைக்கும் நோர்வூட் இரவில் தூங்குவதில்லை. ஹட்டனில் இருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் சந்தியைத் தாண்டி விடிய விடிய ஓடும். 2,243 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்தப் பாதத் தடம் சிங்களவருக்கு ஸ்ரீ பாத, எங்களுக்குச் சிவனொளிபாதமலை, முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா ஏறிய மலையும் இதுதான். ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவரையொருவர் "கருணாவயி" என்று வாழ்த்திக்கொள்வார்கள். அந்த வார்த்தை சொல்லும்போது எவரும் எவருடைய ஊரையும் விசாரிப்பதில்லை. வழியில் கடை போடுபவர்களில் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர். மற்ற நாட்களில் நாட்டுக்குக் கண்ணில் படாத எங்கள் ஆட்கள், அந்த ஐந்து மாதங்கள் மட்டும் நாட்டின் நடுவில் நிற்கிறார்கள்.

இங்கேயும் நிழல் உண்டு. வழிகாட்டிப் பலகையில் தமிழில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்ற சர்ச்சை வந்துபோயிருக்கிறது. போர்க்காலத்தில் இதே பாதையில் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்ற ஞாபகம் என் வயதுக்காரர் எல்லோருக்கும் இருக்கிறது. ஹட்டனில் பிறந்த ஒருவன் தான் யாழ்ப்பாணத்தான் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது.

மஸ்கெலியாவைத் தாண்டும்போது மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் தெரியும். அதற்கடியில் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. 1960களின் இறுதியில் மின்சாரத்துக்காக நீரில் மூழ்கிய ஊர். வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் மேலே வரும். பார்க்க எல்லா ஊரில் இருந்தும் சனம் வருகிறது. மூன்று மதத்தவரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஒரு நகரத்தின் சாட்சி அது. அந்த மின்சாரம் கொழும்பு வரைக்கும் போனது. கரையோரத்து லயங்கள் பலவற்றில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் குப்பி விளக்குத்தான்.

உருவாக்கியவர்கள்

இதுவரை சொன்னவை பழக்கத்தால் அமைந்த இடங்கள். வேண்டுமென்றே உருவாக்கியவர்களும் மலையகத்தில் இருந்திருக்கிறார்கள். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்யோதயவில் சிங்களவரும் தமிழரும், வெவ்வேறு மதத்தவரும் ஒன்றாக வேலை செய்தார்கள், தோட்டங்களுக்கு ஒன்றாகவே போனார்கள். கம்பளைக்கு அருகே நியூ பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். 2007இல் இருந்து இயங்குகிறது. நோர்வூட்டில் இருந்து தூரம் என்றாலும் அதையும் பட்டியலில் எழுதினேன். எங்கள் பாட்டன்மாரின் தப்பும், கூடையும், பெட்டியும் ஒரு காட்சிப்பொருளுக்குரிய மரியாதையோடு இருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

வடக்கிலும் அப்படியானவர்கள் இருந்தார்கள். 1977க்குப் பிறகு ஓடிவந்த மலையக மக்களை வவுனியாவிலும் அதைச் சுற்றியும் குடியேற்றப் பாடுபட்டது காந்தியம் அமைப்பு. அதை நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அகதிக்கு இடம் கொடுத்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

ஆனால் வன்னியில் கிடைத்த இடமும் முழு இடமாக இருந்ததா? கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற கிராமங்களில் மலையக வம்சாவளி மக்கள் செறிந்து வாழ்கிறார்கள். காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்கள். போரில் மற்றவர்களோடு சேர்ந்து பிள்ளைகளைக் கொடுத்தவர்கள், முள்ளிவாய்க்கால் வரைக்கும் சேர்ந்து நடந்தவர்கள். அவர்களில் பலர் இன்றும் காணிப் பத்திரத்துக்காக அலைகிறார்கள். "வடக்கத்தியான்", "தோட்டக்காட்டான்" என்ற சொற்களைச் சிங்களவர் எவரும் எங்களுக்கு வைக்கவில்லை. தமிழில் சொன்னவர்கள் தமிழர்கள். இதைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. ஒரே துயரத்தைச் சுமந்தவர்களுக்குள்ளும் வரவேற்பு வேறு, உரித்து வேறு என்பதை மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாறிவரும் அடையாளங்களும் தெரிகின்றன. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையைச் சேர்ந்தது. முதல் தலைமுறை காட்டு வழியாக நடந்து, வழியிலேயே செத்து விழுந்த அதே திசையில் நடந்தோம். வழி நெடுகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீரோடு நின்றார்கள். 200 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதையில் அப்படி எவரும் நின்றதாகக் கதை இல்லை.

அம்மா வந்த நாள்

தோழியும் அம்மாவும் ஒரு சனிக்கிழமை காலை வந்து இறங்கினார்கள். பட்டியல்படி முதலில் தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் எங்கிருந்து என்று கேட்டார். தோழி ஒரு கணம் என்னைப் பார்த்தார். அம்மாவே முந்திக்கொண்டு, "நான் இந்தப் பக்கத்து ஆள்தான் தம்பி" என்றார்.

பிற்பகல் அம்மா பிறந்த தோட்டத்துக்குப் போனோம். அவருக்கு லயத்தின் இலக்கம் ஞாபகம் இல்லை. பீலிக்குப் பக்கத்தில் தொங்கல் காம்பரா என்பது மட்டும் தெரிந்தது. அந்த வாசலில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த பெண் எங்களை யார் என்றுகூடக் கேட்கவில்லை. "வாங்கம்மா, மொதல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகுதான் கதை வந்தது. தன் வீட்டுக்குள் பிறந்த ஒருவர் திரும்பி வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் மாறியது. காம்பராவைக் கேட்டு வந்துவிட்டார்களோ என்ற பயமாக இருக்கலாம்.

அம்மாவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். "நான் சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தன் பிள்ளை" என்றார். இருவரும் இஸ்தோப்பில் இருந்து வெகுநேரம் பேசினார்கள். இந்தக் காம்பராவுக்கு உங்களுக்கு எழுத்து இருக்கிறதா என்று அம்மா கேட்டார். இல்லை என்றார் அந்தப் பெண். தோட்டத்தில் பேர் இருக்கும் வரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான். உங்களுக்கு அங்கே, என்று அவர் திருப்பிக் கேட்டார். கிளிநொச்சியில் தான் இருக்கும் அரை ஏக்கருக்குப் பத்திரம் கேட்டு எழுதிக் கொடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது, இன்னும் வரவில்லை என்றார் அம்மா.

என் ஊரில் மனிதர் மனிதரை வரவேற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. தோழிக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்றைக்கூட நான் அழிக்க வேண்டி வரவில்லை. ஆனால் 1948இலும் 1977இலும் 1983இலும் இந்த வரவேற்பு எங்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றக்கூடியது, எவருடைய நல்ல மனதையும் நம்பியிராத மூன்று விடயங்கள்: குடியிருக்கும் காணிக்கு உறுதி, வீட்டுக்கு ஒரு முகவரி, கந்தோரில் சொந்த மொழி. இவை நோர்வூட்டுக்கும் வேண்டும், மலையாளபுரத்துக்கும் வேண்டும். தலைநகரில் தமிழ்க் கட்சிகள் ஒரே மேசையில் உட்காரும்போது, மலையகக் காணிப் பிரச்சினையையும் வன்னியில் வாழும் மலையக மக்களின் காணிப் பிரச்சினையையும் இரண்டு கோப்புகளாக வைத்திருக்க இனியும் நியாயம் இல்லை.

புறப்படும்போது அந்தப் பெண் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அம்மா தன் பையில் இருந்து பனங்கட்டிக் குட்டான் ஒன்றை எடுத்து வைத்தார். தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டார்கள். முகவரி கேட்டபோது இருவருக்குமே சொல்லச் சரியான முகவரி இருக்கவில்லை.